கடைசிக் குழாயில் மஞ்சள் வரவில்லை

ஆவணி 10, திங்கள்

விடியும்போதே தூறல். ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிட்டேன். மோட்டார் அறைச் சாவி இன்று முதல் என் இடுப்பில். பத்து வருடம் இதே தெருவைப் பெருக்கிய கை. துடைப்பத்தைவிடச் சாவி கனமாக இருக்கிறது.

இந்த டைரி பட்டுக் கடையில் யாரோ கொடுத்தது. வருடம் பழசு, தாள் நல்ல தாள். நகராட்சி ரிஜிஸ்டரில் எழுத முடியாததை இதில் எழுத வேண்டும். வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் தெரிந்துவிடும். நடுப்பக்கத்தில் என் தலைமுடி ஒன்று வைத்திருக்கிறேன்.

மறக்காமல் இருக்க:
- ஐந்துக்கு மோட்டார். கிணற்றுத் தண்ணீர் ஃபில்டர் வழியாக மேல் டேங்குக்கு.
- டேங்க் நிறைந்ததும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு குவளை.
- அரை மணி ஊறல். அதற்குள் மோட்டார் அறையில் ஃபில்டரைக் கழுவிவிட வேண்டும்.
- ஆறரைக்குத் தெருக் குழாய் திறப்பு. ஆறு குழாய்.
- ஆறாவது குழாயில் சோதனை. டியூபில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து. இளமஞ்சள் வந்தால் குளோரின் சரி. நிறம் வராவிட்டால் குளோரின் இல்லை, கிருமி சாகாது.

சாக்கடை கசிந்து கிணறு கெட்டதாக லேப் காகிதம் வந்திருக்கிறது. தெரு நம்பவில்லை. சாயப் பட்டறைத் தண்ணீர்தான் என்கிறார்கள். பட்டறைக்காரர் தணிகாசலம் காதுபடவே சொல்கிறார்கள். டேங்க் மேடையை வேறு அவர் மாடிப்படியை ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட திட்டமோ.

முதல் நாளே சொதப்பல். பயத்தில் குவளைக்கு மேல் ஊற்றிவிட்டேன் போல. டியூபில் மாம்பழ நிறம். ஓவர்சீயர் (இனி ஓ.சீ., கை வலிக்கிறது) தெருவே கேட்கும்படி கத்தினார். "இன்னாம்மா இது, இவ்ளோ மஞ்சளா வருது? ஜனங்க குடிக்கிறதா வேணாவா? இப்டியே வந்துகினு இருந்தா சாவிய வாங்கி வேற ஆளுகிட்ட குட்த்துடுவேன். நீ பழையபடி தொடப்பம் எடுத்துக்கோ."

மூன்று மாதம் பார்ப்பார்களாம். சரியாக இருந்தால் சாவி என்னிடமே. இல்லாவிட்டால் துடைப்பம்.

தணிகாசலம் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள். தீபாவளிக்கு மாம்பழ மஞ்சள் நூல் நிறையப் போகிறதாம், இந்த வாரம் முழுக்க அதே சாயம்தான். பட்டறைக் கால்வாயும் மஞ்சளாக ஓடுகிறது. ஓ.சீ. போனதும் டம்ளரில் இஞ்சி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"எதுக்குங்க ஐயா" என்றேன்.

"ஐயான்னு கூப்டாதம்மா. அண்ணான்னு சொல்லு. அந்த மஞ்சளு எங்கருந்து வருது?"

"தண்ணியிலருந்துதாண்ணா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு நிற்கும்போது யார் விளக்கம் சொல்வது.

பத்து வருடத்தில் குடிக்கத் தண்ணீர் கொடுக்காத தெரு. சாவி வந்த அன்றே டீ. இவருக்கு என்ன வேண்டுமோ தெரியவில்லை.

ஆவணி 11, செவ்வாய்

நல்ல வெயில். ஒரு குவளை, கோடு வரை, கூடுதல் இல்லை குறைவு இல்லை.

டியூபில் நிறமே இல்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர் மாதிரி நிற்கிறது. நேற்று அதிகம், இன்று குறைவு என்று நினைத்துக்கொண்டேன். ரிஜிஸ்டரில் 'இல்லை' என்று எழுதினேன். பொய் எழுதியிருக்கலாம். முதல் வாரத்திலேயே பொய் எழுத மனம் வரவில்லை.

குழாயடியில் கேட்டது:
"பெருக்குற அம்மா கையால தண்ணியா?"
"கைய வுடு. நேத்து பினாயில் நாத்தம் அட்ச்சிதே."
"இன்னிக்கி அடிக்கல."
"அதுக்கே ரெண்டு குடம் சேத்து புடி."

மூன்றாம் வீட்டுக் கோமதி நான்கு குடம் பிடித்தாள். தறி நெய்கிறவள், சுருக்கென்று பேசுவாள். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவள் மகள் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு, குழாயிலேயே வாய் வைத்துக் குடித்தது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

டீ வந்தது. குடித்தேன்.

ஆவணி 12, புதன்

இன்றும் நிறம் இல்லை.

பவுடர் மேல் சந்தேகம். நல்ல மூட்டையை விற்றுவிட்டுச் சுண்ணாம்பைக் கட்டி அனுப்பினாலும் அனுப்புவார்கள். புது மூட்டை பிரித்தேன். மூக்கு எரிந்தது. ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தனியாகச் சோதித்தேன். பளிச்சென்று மஞ்சள். பவுடர் நல்ல பவுடர்தான். டேங்கில் என் கையாலேயே ஊற்றினேன், பார்த்துத்தான் ஊற்றினேன். குழாய்க்கு வருவதற்குள் எங்கே போகிறது?

ஓ.சீ.க்கு போன். "தண்ணியில அழுக்கு ஜாஸ்தியா இருந்தா மருந்த துன்னுடும். ஒன்றரையா போடு." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வந்து பார்க்க மாட்டாராம். நானே கண்டுபிடித்து நானே திட்டு வாங்க வேண்டும்.

டீ கொண்டுவந்த தணிகாசலம் அண்ணன் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நூலைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "வெள்ளையா வந்துகிது பாரு. நல்லா கீது" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார், பாவம். எங்கே நல்லா கீது என்று கேட்க வாயெடுத்தேன். வாயில் டீ இருந்தது.

ரப்பர் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு போட்டிருக்கிறேன்.

ஆவணி 13, வியாழன்

ஒன்றரைக் குவளை. நிறம் இல்லை.

ஏழு மணிக்குக் கேன் தண்ணீர் பாஸ்கர் லோடு ஆட்டோவோடு வந்தான். கிணறு மூடியிருந்த காலத்தில் இந்தத் தெருவில் அவன்தான் ராஜா. இப்போது பாதி வீட்டில் கேன் வாங்குவதில்லை. சிரித்துக்கொண்டே கேட்கிறான்: "இன்னாக்கா, ஃபேக்டரி ஓடுதா? எத்தினி நாளைக்கி ஓடும்?"

எத்தினி நாளைக்கு என்று அவன் ஏன் கேட்க வேண்டும்? ஓடாது என்று அவனுக்குத் தெரியுமா? ஆட்டோவை டேங்க் மேடைப் பக்கம் நிறுத்துகிறான். நிழலாம். ஆறு மணி வெயிலில் என்ன நிழல் என்று கேட்டேன். "ஏழு மணி ஆவுதுக்கா, ஏழு" என்று கடிகாரத்தைக் காட்டினான். திமிர்.

எழுதி வைக்கிறேன்: பாஸ்கர். ஒன்றாம் நம்பர்.

ஆவணி 14, வெள்ளி

ஓ.சீ. வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

"பவுடரு மட்டும் கொறஞ்சிகினே வருது. தண்ணியில காணோம். வூட்டுக்கு எட்த்துனு போறியா?"

"எங்க வூட்ல அவ்ளோ அழுக்கு இல்ல சார்."

சொல்லியிருக்கக் கூடாது. குழாயடியில் சிரிப்பு. அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வருவாராம். அன்றும் சரியில்லை என்றால் வேறு ஆளோடு வருவாராம்.

திருடி என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார். பெருக்கின காலத்தில் கீழே கிடந்த ஜரிகைத் துண்டைக்கூட எடுத்து அந்தந்த வாசலில் வைத்தவள் நான். இந்தத் தெருவுக்கே தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மட்டும், "மனச வுட்டுடாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் என்ன பார்க்க முடியும்? சொன்னதே போதும் என்று இருந்தது.

நாளையிலிருந்து இரண்டு குவளை.

ஆவணி 15, சனி

இரண்டு குவளை. டியூபில் மஞ்சளா, என் கண்ணில் மஞ்சளா என்று தெரியாத அளவு. 'இல்லை' என்றே எழுதினேன்.

தர்ஷினிக்கு வாந்தி, பேதி. விடியற்காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏறுகிறதாம். கோமதி துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், வரும் வழியில் என் முன்னால் நின்றாள். இன்றுதான் முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து போட்டியா, இல்லியா? உண்மைய சொல்லு."

"போட்டேன்க்கா. நேத்தவிட ஜாஸ்தியாவே போட்டேன்."

"அப்ப ஏன் நோட்டுல இல்லன்னு எழுதிகிற? நீயே எழுதிகிறியே!"

போட்டதும் உண்மை, இல்லாததும் உண்மை. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. தூக்கக் கலக்கத்தில் வேறு எதையாவது கரைத்தேனா என்றுகூட யோசித்தேன்.

மற்றவர்களைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு உங்க மிஷினு?" என்றாள் ஒருத்தி.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆவணி 16, ஞாயிறு

மேகமூட்டம். நிறம் இல்லை. ஞாயிறு என்றாலும் தண்ணீருக்கு லீவு இல்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர், தவிடு தட்டிக்கொண்டே கேட்டார். யார் யார் மேல் சந்தேகம் என்றார். சொன்னேன்:

பாஸ்கர் - கேன் விற்க வேண்டும்.
ஓ.சீ. - தன் ஆளை உள்ளே நுழைக்க வேண்டும்.
கோமதி - என் கையால் தண்ணீர் பிடிக்கப் பிடிக்காது. ஆனால் பெற்ற பிள்ளை குடிக்கிற தண்ணீரில் கைவைப்பாளா. அடித்துவிட்டேன்.
சாக்கடை - குழாயில் எங்கோ ஓட்டை.

"என்ன மட்டும் வுட்டுட்ட" என்றார்.

"நீங்க டைரிய தொட்டீங்களா?"

"எந்த டைரி?"

முடி வைத்த இடத்தில்தான் இருக்கிறது. சரி, இவரையும் அடித்துவிட்டேன்.

ஆவணி 17, திங்கள். அமாவாசை

தெரு முழுக்க அமைதி. அமாவாசைக்குத் தறியில் கை வைக்க மாட்டார்கள். பட்டறையும் மூடல். அண்ணன் குடும்பத்தோடு விடியுமுன்னே தேவிகாபுரம் கோயிலுக்குப் போய்விட்டார். டீ இல்லை.

இரண்டு குவளை போட்டேன். டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தேன்.

மஞ்சள்! அடர்த்தியாக, கிட்டத்தட்ட ஆரஞ்சு. அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். குழாயை மூடி, டேங்கைப் பாதி காலி செய்து, மறுபடி நிரப்பி, சரியான மஞ்சளுக்கு வந்த பிறகுதான் திரும்பத் திறந்தேன். ஒரு மணி நேரம் தாமதம். "இன்னிக்கி கருமஞ்சளா வந்துகிதாமே" என்று தெருவில் பேச்சு. பேசட்டும்.

ஆக, பவுடர் சரி. கை சரி. குழாயில் ஓட்டை இருந்தால் இன்றும் தின்றிருக்கும். இன்று மட்டும் யார் இல்லை?

பாஸ்கர் இல்லை! சேத்துப்பட்டில் மச்சான் வீட்டு விசேஷமாம். நேற்றே போய்விட்டானாம். விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

சிக்கினான். இவ்வளவு நாள் சாவியைப் பிடித்துக்கொண்டு பயந்தேனே, இப்போது கோபம்தான் வருகிறது. அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, இவன் விசேஷத்தில் பிரியாணி தின்கிறான்.

ஆவணி 18, செவ்வாய்

நிறம் இல்லை. நேற்று போட்ட அதே இரண்டு குவளை. சொட்டுகூட மஞ்சள் இல்லை.

பாஸ்கர் திரும்பி வந்துவிட்டான். போதாதா? டீக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"டேங்க்ல இன்னா கலக்குற? ஒரு கொழந்த சாவ கெடக்குது, உனக்கு கேன் விக்கணுமா?"

அவன் முதலில் சிரித்தான். நான் நிறுத்தவில்லை என்றதும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, நீ தண்ணி தொறக்கறது ஆறரைக்கு. நான் ஆறரைக்கு சந்தவாசல் ரோட்ல கேனு ரொப்பிகினு கீறேன். ஏழு மணிக்கி முன்ன ஒரு நாளு என் ஆட்டோவ இந்த தெருவுல பாத்துகிறியா? சொல்லு. தர்ஷினிக்கி ஆஸ்பித்திரியில குடிக்கிற தண்ணி யாரு குட்த்துகினு இருக்கறாங்கோ, கோமதியக்காவ கேளு."

கடைக்காரரும் தலையாட்டினார். ஏழு மணி. அவனே அன்றைக்குக் கடிகாரத்தைக் காட்டினான். திமிர் என்று எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது.

மன்னிப்பு கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். முதுகில் அத்தனை கண்ணும்.

வெட்கமாக இருக்கிறது. வெட்கத்துக்கு மேல் பயம். வியாழனுக்கு நாளை ஒரு நாள்தான் நடுவில். பாஸ்கர் இல்லை என்றால் யார்?

யோசித்துப் பார்த்தால் நான் ஃபில்டர் கழுவுகிற அந்த அரை மணிதான் ஓட்டை. மோட்டார் அறைக்குள் இருந்தால் டேங்க் கண்ணில் படாது. டேங்க் மூடிக்குப் பூட்டும் இல்லை.

சாயங்காலம் குப்பையில் கழிவுப் பட்டு நூல் ஒரு முழம் எடுத்து வந்தேன். டைரிக்கு முடி என்றால் டேங்குக்கு நூல்.

ஆவணி 19, புதன்

இதை எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

பவுடர் ஊற்றினேன். மூடியை மூடி, கைப்பிடிக்கும் கொக்கிக்கும் நடுவே நூலைக் கட்டினேன். கீழே போய் ஃபில்டரைக் கழுவினேன். திரும்பி மேலே ஏறினேன்.

நூல் அறுந்து கிடந்தது.

மூடி விளிம்பில் நாலைந்து வெள்ளைப் பொடி. தொட்டு மோந்தேன். எரிந்த தீக்குச்சி வாசனை. இந்த வாசனை எனக்குத் தெரியும். தினம் டீ குடிக்கிற பட்டறை வாசலில் இதே வாசனைதான்.

வேண்டாம் என்று மனசு சொன்னது. கால் பட்டறைக்குள் போய்விட்டது.

அண்ணன் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு டப்பா. "டீ இன்னும் ஆவலம்மா" என்றார்.

"அந்த டப்பாவுல இன்னாண்ணா?"

"ஹைட்ரோஸ். உரிக்கிற பவுடரு. சாயம் தப்பா ஏறிட்சின்னா இத்த ஒரு கரண்டி போட்டா நூலு வெள்ளையாயிடும்."

"டேங்க்ல போட்டீங்களா?"

மழுப்புவார் என்று நினைத்தேன். சிரித்தார். செய்த நல்ல காரியம் வெளியே தெரிந்துவிட்டால் சிலர் கூச்சமாகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"தெரிஞ்சி போச்சா? சொல்லாம செய்யணும்னு பாத்தேன். மொத நாளு அந்தாளு உன்ன எப்டி கத்தினாரு, மஞ்சளா வருதுன்னு. எங்கருந்து வருதுன்னு கேட்டேன். தண்ணியிலருந்துன்னு நீயே சொன்ன. அந்த வாரம் பூரா என் பட்டறையில மாம்பழ மஞ்சளு. என் சாயந்தான் கெணத்துல எறங்கிட்சின்னு ஒரே பேஜாராயிட்சி. வெளிய தெரிஞ்சா பட்டறைக்கி சீலு. உனக்கும் வேல பூடும். அதான் தெனம் ஒரு கரண்டி. படியிலருந்து கை நீட்னா எட்டுது. அமாவாசைக்கி நான் இல்ல, அன்னிக்கி கருமஞ்சளா வந்துச்சின்னு சொன்னாங்க. நேத்துலருந்து ரெண்டு கரண்டி. இப்ப பாத்தியா, டியூபு எப்டி வெளுத்து நிக்குது!"

நான் ஏற்ற ஏற்ற அவர் உரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"அண்ணா, அது சாயம் இல்ல. மருந்து. அந்த மஞ்சள் வந்தாத்தான் தண்ணி நல்ல தண்ணி."

புரியவில்லை அவருக்கு. ஒரு வாளித் தண்ணீரில் பவுடர் கலந்து, டியூபில் பிடித்து, இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் வரவைத்து, அவர் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். நொடியில் வெளுத்தது. அவர் முகமும்தான். சோடா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தர்ஷினி?"

"தண்ணியாவும் இருக்கலாம், தின்பண்டமாவும் இருக்கலாம்னு டாக்டரு சொல்லிகிறாரு."

"என் கையாலயா..." என்று கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் போகாத கை.

பிறகு கேட்டார். "சொல்லிடாதம்மா. சாயக்காரன்தான் தண்ணிய கெடுத்தான்னு ஏற்கனவே சொல்லிகினு கீறாங்க. இனிமே தொட மாட்டேன். கும்புட்டுக் கேக்கறேன்."

"சொல்ல மாட்டேண்ணா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். மஞ்சளைப் பற்றி முதல் நாள் ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. அதில் என் பங்கும் இருக்கிறது.

டேங்கை முழுதாக வடித்து, கழுவி, மறுபடி நிரப்பினேன். எட்டு மணிக்குத்தான் தண்ணீர். வசவு கொஞ்சமில்லை.

ஆவணி 20, வியாழன்

ஒரு குவளை. நூல் அறவில்லை. டியூபில் இளமஞ்சள், சோதனைப் பெட்டியின் நிற அட்டையில் உள்ள மாதிரியே. இதைக் காட்டினால் முடிந்தது, யார் பெயரும் வராமல் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஓ.சீ. வந்தார். கூடவே ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, சாவி வாங்க வந்த முகம். டியூபை நீட்டினேன்.

"ஓ, இன்னிக்கி மட்டும் வந்துட்சா? நான் வர்றேன்னு தெரிஞ்சதும் வந்துட்சா? அப்ப இத்தினி நாளு நீ போடல. அதான?"

சரியாக வந்ததே எனக்கு எதிர்ச் சாட்சி. குழாயடி முழுக்க ஆட்கள். கோமதியும் இருந்தாள், தர்ஷினியை நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

"என் பொண்ணு நாலு நாளு கெடந்தா" என்றாள். "பெருக்கினு இருந்தவங்கள கொண்டாந்து தண்ணியில வுட்டா இப்டித்தான்."

ஓ.சீ. கையை நீட்டினார். "சாவி."

அண்ணன் பட்டறை வாசலில் நின்றிருந்தார். அவராகச் சொல்வார் என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான் தெனமும் போட்டேன் சார். டேங்க்ல ஹைட்ரோஸ் போட்டு மருந்த எடுத்தது அவரு" என்றேன். விரலையும் நீட்டிவிட்டேன். நீட்டியிருக்க வேண்டாம்.

அறுந்த நூலை ரிஜிஸ்டரில் ஒட்டி வைத்திருந்தேன். அதையும் காட்டினேன். ஆக, ஒட்டும்போதே சொல்வதாகத்தான் இருந்தேனா? தெரியவில்லை.

"ஆமா சார். நான்தான்" என்றார் அவர். ஏன், எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகவும் செய்தேன் என்று சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

டப்பாவை ஓ.சீ. எடுத்துக்கொண்டார். அதிகாரி வந்து பார்க்கிற வரை பட்டறை திறக்கக் கூடாதாம். மேடைக்கு வேலி, மூடிக்குப் பூட்டு. வெள்ளைச் சட்டை எப்போது போனான் என்று பார்க்கவில்லை. சாவி என் இடுப்பில்தான்.

கோமதி முன்னால் வந்தாள். குடத்தைக் கொண்டுவந்து வைத்துப் பிடித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பழையபடி.

குழாயடியில் கேட்டது:
"தெனம் டீ குட்த்தாரு அந்த மனுஷன். அவரயே காட்டிக் குட்த்துட்ச்சி."
"பின்ன? திருடின்னு பேரு வாங்கினு போவணுமா?"
"இருந்தாலும்."

இருந்தாலும். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

பாஸ்கரிடம் போய் மன்னிப்பு கேட்டேன். "வுடுக்கா" என்றான். ஏதோ அதுவாவது முடிந்தது.

ஆவணி 21, வெள்ளி

லேசான மேகம். புதுப் பூட்டு, கறுப்பு, இரண்டு சாவி, இரண்டும் என்னிடம். நாளை பிள்ளையார் சதுர்த்தி, எருக்கம்பூ மாலை வாங்க வேண்டும். செருப்பும்.

ஒரு குவளை. இளமஞ்சள். ரிஜிஸ்டரில் 'சரி' என்று எழுதினேன். சந்தேகம் ஒட்டாத முதல் 'சரி' அது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. அடுப்புச் சத்தம் இல்லை, கால்வாய் காய்ந்து கிடக்கிறது. மூடியபடியே இருக்கட்டும் என்றும் தோன்றியது, திறக்கட்டும் என்றும் தோன்றியது. ரிஜிஸ்டரை மூடிவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. தணிகாசலம் டம்ளரோடு வந்தார். சவரம் செய்யாத முகம். தெரு பார்க்கிறது, அவருக்கும் தெரியும்.

"ஆறிடும்மா, குடி."

"எதுக்குங்க ஐயா" என்றேன்.

டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார். வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் மூக்குக்குக் கொண்டுபோனேன். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது.

இஞ்சி வாசனைதான்.

நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.